நன்மங்கலம் ஆந்தைக் குஞ்சு: ஃபிளாஷ் அடித்ததா, இல்லையா?

பல்லாவரம் பாபு: சென்னை நன்மங்கலம் காட்டில் இருக்கும் கல்குவாரியில் கொம்பன் ஆந்தைக் குஞ்சு எலி விழுங்கும் படத்தைப் போட்டு, "செயற்கை வெளிச்சமே இல்லாமல் எடுத்தது" என்று சேகர் எழுதியிருக்கிறார். பெரிதாக்கிப் பாருங்கள். அலகுக்கு வெளியே எலியின் வால் மட்டும் தொங்குகிறது, பின்னால் பாறை கும்மிருட்டு, குஞ்சின் கண்மணிக்கு நட்டநடுவில் பொட்டு வைத்தது மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. ஃபிளாஷ் இல்லாமல் அது எப்படி வந்தது?

சேகர்: சாயங்கால வானத்தின் வெளிச்சம் சார். வருஷக்கணக்காக அந்தக் காட்டுக்குப் போகிறவன் நான், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பல்லாவரம் பாபு: வானம் என்றால் கண்ணின் மேல்பாதியில் அகலமாகப் படரும். இது நடுவில், சின்னதாக, வட்டமாக இருக்கிறது. கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டினால் இப்படித்தான் விழும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அதை அடிக்கலாமா?

மேடவாக்கம் ராதா: வெளிச்சத்தை விடுங்கள், குஞ்சு இருக்கும் இடத்துக்குப் போனதே தப்பு. கொம்பன் ஆந்தை பாறை விளிம்பில் வெறும் தரையில்தான் முட்டையிடும், ஆள் போய் நின்றால் தாய் பறந்துவிடும். பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதைக்கூட 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றுதான் சொல்கிறது.

சேகர்: 600 எம்எம் லென்ஸ் வைத்திருப்பவன் எதற்குப் பக்கத்தில் போகணும்? போன சீசனில் ஆறுமணிக் குருவி எந்த மரத்தடியில் மேய்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கூட்டம் சேர்த்தவர் பாபு. அவர் ஒழுக்கம் பேசுகிறார்!

கிண்டி மணி: அது உண்மைதான். பாபுவின் ஆட்கள் ஸ்பீக்கரில் குரல் போட்டு அந்தக் குருவியை வெளியே வரவழைத்ததை நானே பார்த்தேன்.

பல்லாவரம் பாபு: மணி, நான் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. யார் ஸ்பீக்கர் போட்டார்களோ அவர்களிடம் போய்க் கேளுங்கள். உங்களுக்கு என்மேல் இருக்கும் பழைய கோபத்தை ஆந்தைப் படத்தில் காட்டாதீர்கள். ராதா சொல்லும் சட்டமும் சரி, ஆனால் அதைப் பிடித்தால் சேகர் நழுவிவிடுவார். வெள்ளைப் புள்ளிக்கு இன்னும் பதில் வரவில்லை.

மேடவாக்கம் ராதா: புள்ளி, புள்ளி என்று இரண்டு பேரும் அதிலேயே நில்லுங்கள். அங்கே நாளைக்கு இன்னும் பத்து கேமரா போய் நிற்கும்.

சேகர்: வானம் என்று சொல்லியாயிற்று.

பல்லாவரம் பாபு: எடிட் செய்யாத மூலக் கோப்பைப் போடுங்கள் சேகர், ஃபிளாஷ் எரிந்ததா என்று அதிலேயே பதிவாகியிருக்கும்.

சேகர்: உங்களுக்குக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பல்லாவரம் பாபு: அப்படியானால் அது ஃபிளாஷ்தான்.