அக்டோபர் கடைசியில் இமயமலைக் கணவாய்: பனி குறைவு என்றால் ஆபத்தும் குறைவா?

அஸ்தம்பட்டிவாசி:
வணக்கம். சேலத்திலிருந்து நண்பர்கள் நாலு பேர் அக்டோபர் கடைசி வாரம் உத்தராகண்ட் போகிறோம். சாங்ரியில் தொடங்கி, 4,000 மீட்டருக்கு மேல் ஒரு கணவாயைக் கடக்கும் நடை. ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறுவதால் மூச்சு, முழங்கால் பற்றிக் கவலை இல்லை. பனிதான் புதிது. அழைத்துப்போகிறவர்கள், "இப்போது பனி முழங்கால் அளவுகூட இருக்காது, பனிச்சரிவெல்லாம் ஜனவரிக்கு மேல்தான்" என்கிறார்கள். அம்மா நம்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேர்வராயன்மலை:
நான் உங்கள் அம்மா பக்கம், தம்பி. உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சி எடுத்தவன் என்பதால் சொல்கிறேன். 2022 அக்டோபர் 4 அன்று அதே உத்தராகண்டில், திரௌபதி கா டண்டா சிகரத்தில், பயிற்சிக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கி 25 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனவரி வரைக்கும் மலை காத்திருக்கவில்லை.

பனி குறைவாக இருப்பதே இந்தப் பருவத்தின் தொல்லை. பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு தெளிந்த இரவில் மைனஸ் 15க்குக்கூட இறங்கும். இரண்டு மீட்டர் பனி இருந்தால் அந்த வித்தியாசம் ஆழத்தில் பரவிவிடும். அரை மீட்டர்தான் என்றால் அத்தனையும் அதற்குள்ளேயே. அப்போது அடியிலிருந்து ஏறும் நீராவி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடுகிறது. நம்மூர் ஆலைக் களத்தில் காயும் ஜவ்வரிசி மாதிரி, அள்ளிப் பிடித்தால் விரலிடுக்கில் ஓடிவிடும். அடுத்த புயலில் விழும் பனி இதன்மேல் பலகையாக இறுகும். அந்தப் பலகையை உடைக்க ஒரு ஆளின் எடையே போதும்; உடைந்து வழுக்கினால் அதுதான் பனிச்சரிவு.

வெயில் படாத வடக்குச் சரிவுகளில் முதல் பனி உருகாமல் தங்குவதால், அங்கேதான் இந்த மணிப்படலம் அதிகம்.

ஒண்டிக்கடை:
ஒன்று சேர்க்கிறேன். அக்டோபர் நமக்குப் புயல் மாதம், அது இமயமலையையும் தொடும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயல், இரண்டே நாளில் நேபாளத்தில் தோரோங் கணவாய்ப் பக்கம் பெரும்பனியாகக் கொட்டியது. இறந்தவர்கள் 40க்கு மேல், நடைபயணிகளும் அதில் உண்டு. ஃபெஞ்சலின்போது ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்ததைப் பார்த்தோமே, அந்த வாரம் யாராவது மேலே போவார்களா? வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் கணவாயை மறந்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
நன்றி அண்ணா. அழைத்துப்போகிறவர்களிடம் என்னென்ன கேட்கட்டும்?

சேர்வராயன்மலை:
கணவாய்க்குக் கீழே மலைச்சரிவு எத்தனை டிகிரி, எந்தத் திசை பார்க்கிறது என்று முதலில் கேளுங்கள். பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரியில்தான் உடைகின்றன. அப்புறம், ஒவ்வொருவருக்கும் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), பனியில் குத்தித் தேடும் ஆய்வுக் கம்பி, பனி தோண்டும் மண்வெட்டி உண்டா? புதைந்தவருக்கு முதல் கால் மணி நேரம்தான் நல்ல வாய்ப்பு, கீழிருந்து ஆள் வருவதற்குள் அது போய்விடும். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பார்க்கிறார்களா என்பதும் முக்கியம்.

நடக்கும்போது காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கினாலோ, விரிசல் ஓடினாலோ அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். கைடு சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் நாலு பேரும் திரும்புங்கள். இதைக் கிளம்பும் முன்பே, சேலத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.