செத்த வீட்டுக்கு இரவுச் சாப்பாடு: 25 பேர், நடுவில ஒரு துறை. என்ன சமைக்கிறது?

களுவாஞ்சி மருமகள்

மண்டூரில இவர்ட பெரியப்பா தவறிட்டார். நாளைக்குப் பின்னேரம் அடக்கம். அது முடிய இரவுச் சாப்பாடு எங்கட பொறுப்பு. வீட்டாக்களும் வெளியூரால வந்து தங்குறவங்களுமா 25 பேர் வரும். களுவாஞ்சிகுடியில சமைச்சு, குருமண்வெளித் துறையால பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவையில) ஏத்திக் கொண்டுபோக வேணும். காத்து நிக்கிறதோட சேத்து ஒரு மணித்தியாலம் எண்டு வைங்க. மரக்கறிதான், எட்டாம் நாள் சடங்கு முடியும் வரைக்கும் அங்க மீன் இல்லை.

அளவுக் கணக்கு எனக்குப் பிடிபடல்ல. பால் விட்ட கறி போய்ச் சேர முதல் புளிச்சிரும் எண்டு பயமாவும் இருக்கு. மாமிக்குச் சீனி வருத்தம், பிறசரும் இருக்கு. நேத்தில இருந்து தேத்தண்ணியைத் தவிர ஒண்டும் இறங்கல்லயாம். மச்சாள் பிள்ளை பெத்து இருபது நாள், அவவும் அதே வீட்டிலதான். இவங்க ரெண்டு பேருக்கும் தனியா என்ன கொண்டுபோகலாம்?

படுவான்கரை அக்கா

தங்கச்சி, ஒண்டை முதல் மனசில வைங்க. செத்த வீட்டில ஆரும் நேரத்துக்குச் சாப்பிடமாட்டாங்க. நீங்க ஆறரைக்குக் கொண்டுபோய் இறக்கினாலும், முழுகி, வீடு கழுவி, ஒவ்வொருத்தரா வந்து குந்த எட்டு எட்டரை ஆயிரும். அதால ருசியை விட, காத்து நிக்கக்கூடிய சாப்பாடா எண்டதைத்தான் பாக்க வேணும்.

சோறெண்டா நாட்டுப் புழுங்கலரிசி 3 கிலோ. கலியாண வீட்டுக்கு ஒரு கிலோவை ஏழு பேருக்குப் போடுவோம், இங்க எட்டு ஒம்பது பேருக்குக் காணும். பச்சையரிசி வேணாம், ஆறினாக் கட்டியாயிரும். கஞ்சியை நல்லா வடிச்சு, சட்டியை மூடாம அஞ்சு நிமிசம் ஆவி போக விடுங்க. மறுகா சட்டி வாயில வெள்ளைத் துணி ஒண்டை விரிச்சு அதுக்கு மேல மூடியைப் போடுங்க. துணி இல்லாட்டி ஆவி மூடியில தண்ணியா நிண்டு சோத்தில சொட்டும். சோறு முதல் நொசியிறது அந்த இடத்திலதான்.

கறி மூண்டு போதும். அஞ்சு கறி வைச்சா அகப்பையும் அஞ்சு வேணும், பரிமாற ஆள் வேணும். துக்க வீட்டில அதுக்கு ஆர் நிக்கிற?

பருப்பு: மைசூர்ப் பருப்பு 1 கிலோ, மஞ்சள் ரெண்டு தேக்கரண்டி, பச்சை மிளகாய் எட்டு, உள்ளி ஒரு பூடு. அவிஞ்சாப் பிறகு உப்புப் போடுங்க. பால் விடாதீங்க. எண்ணெயில கடுகு, சீரகம், செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை நல்லாச் சிவக்கத் தாளிச்சுக் கொட்டினாப் பால் இல்லாத குறை தெரியாது. பால் கட்டாயம் எண்டா தேங்காய்ப்பால் மா பக்கெட் ஒண்டைக் கையில கொண்டுபோங்க. அடக்கம் முடிஞ்ச கையோட தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டித்தான் இருப்பாங்க, பரிமாறக்குள்ள சுடுதண்ணியில கரைச்சு விட்டு ஒரு கொதி போதும்.

கத்தரிக்காய்ப் புளிக்கறிதான் பயணத்துக்கு ராசா. கத்தரிக்காய் 2 கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, புளி 100 கிராம், மிளகாய்த்தூள் நாலு மேசைக்கரண்டி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. வெட்ட வெட்ட உப்புத் தண்ணியில போடுங்க, வெளியில கிடந்தாக் கறுத்துப் போகும். பொரிக்க முதல் பிழிஞ்சு ஈரம் ஒத்தி எடுங்க. ஈரத்தோட போட்டா எண்ணெய் சூடு இறங்கி, கத்தரிக்காய் பொரியாம எண்ணெயைத்தான் குடிக்கும். புளியையும் தூளையும் கொதிக்க விட்டு, பொரிச்சதைக் கொட்டி, எண்ணெய் மேல மிதக்கும் வரைக்கும் வத்த விடுங்க. தண்ணியா இறக்கினா நிண்டு பிடிக்காது.

மூண்டாவது, வாழைக்காய் பதினைஞ்சு, பிரட்டலா. இலைச் சுண்டல் நல்லதுதான், ஆனா அதுக்குள்ள பச்சைத் தேங்காய்ப்பூ கிடக்கு, அதை விடுங்க. அப்பளம் பொரிச்சு, ஆறினாப் பிறகு காத்துப் போகாத வாளியில போடுங்க.

சாய்ந்தமருது ராத்தா

இன்னாலில்லாஹ். தங்கச்சி, எங்கட பக்கம் மையத்து வீட்டில அடுப்பு மூட்ட விடுறல்ல, பக்கத்து வீடுகள்தான் பாக்கும். ஜஃபர் ரலியல்லாஹு அன்ஹு ஷஹீதான நேரம், அவங்கட வீட்டாருக்குச் சாப்பாடு செஞ்சு குடுக்கச் சொன்னாங்க றசூலுல்லாஹ். அந்த வழக்கம்.

இரவைக்குச் சோறு சரி. அடுத்த நாள் காலமைக்கு ஆரும் யோசிக்கிறல்ல, அதையும் பாருங்க. பிட்டு அவிச்சுக் கொண்டுபோறதெண்டா ஒரு விசயம். நம்மட ரெண்டு சனத்தையும் பிட்டும் தேங்காய்ப்பூவும் எண்டு சொல்லுவாங்கதானே, ஆனாப் பாதையில ஏறக்குள்ள பிட்டும் தேங்காய்ப்பூவும் வேற வேறயாத்தான் ஏறணும். தேங்காய்ப்பூ போட்டு அவிச்ச பிட்டு சூட்டோட கட்டி வைச்சா கெதியாப் புளிச்ச வாடை வரும். பிட்டை வெறும் மாவில அவிங்க, தேங்காயை முழுசாக் கொண்டுபோய் அங்க துருவிப் போடுங்க.

25 பேருக்கு வறுத்த அரிசி மா ஒண்டரைக் கிலோ, அவிச்ச கோதம்ப மா ஒரு கிலோ. அரிசி மாவுக்குக் கொதி தண்ணி, கோதம்ப மாவுக்கு ஆறின உப்புத் தண்ணி, தனித்தனியாக் குழைச்சுக் கொத்திப்போட்டு மறுகா ஒண்டாக்குங்க. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் கொதி தண்ணி ஊத்தினா கோதம்ப மா பசையாத் திரண்டிரும், எவ்வளவு கொத்தினாலும் உதிராது. கொத்துறத்துக்குப் பால்பேணிச் சுண்டுதான் (அரிசி அளக்கிற வெறும் பால் ரின்) நல்லம், விளிம்பு மெல்லிசு. தேங்காய்ப்பூ இல்லாம அவிக்கிறதால தண்ணி கொஞ்சம் கூடப் பிடிக்கணும், இல்லாட்டி ஆறினதும் மணல் மாதிரி இருக்கும். ஆவி வந்ததில இருந்து எட்டு, பத்து நிமிசம்.

தேத்தண்ணிச் சாமானும் கட்டுங்க. நூறு கோப்பைக்குத் தேயிலை 200 கிராம், சீனி 1 கிலோ, இஞ்சி கால் கிலோ. இரவெல்லாம் ஊத்துற வீட்டில நடுச்சாமத்தில முடியிறது சீனிதான்.

இன்னொண்டு, இது எங்கட ஆக்களுக்கு: தமிழ் ஆக்கள்ட செத்த வீட்டுக்கு அனுப்புறதெண்டா இறைச்சி காய்ச்சின சட்டியில ஆக்காதீங்க. கழுவினதுதானே எண்டு நினைக்க வேணாம். அதை விட, பாணும் சீனியும் தேயிலையும் குடுக்கிறது மேல்.

சோத்துக் கணக்கு

மேலே சொன்ன சமையலில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சாப்பாடு ஒன்றில் 60 பாகை செல்சியசுக்கு மேலே சூடாக இருக்கவேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிராக இருக்கவேண்டும். இடையில் நிற்கும் நேரம்தான் ஆபத்து. அந்த இடை நிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள், நம்முடைய வெயிலுக்கு அதுவும் கூட.

சோற்றைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துக்கள் அரிசியிலேயே இருக்கின்றன, சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே ‘சுட வைத்தால் சரி’ என்பது கறிக்கு ஓரளவு பொருந்தலாம், மணிக்கணக்காகக் கிடந்த சோற்றுக்குப் பொருந்தாது. புளித்த மணம் வராததால் நல்ல சோறு என்றும் நினைக்கவேண்டாம், இந்த நஞ்சுக்கு மணமே இல்லை.

செய்யவேண்டியது இதுதான். மீன்காரர் வைத்திருப்பது போன்ற ரிஜிபோம் பெட்டி ஒன்று, மீன் வாடை படாத புதியதாக வாங்குங்கள். சட்டிகளுக்குள் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, அடுப்பால் இறக்கிய சோற்றையும் கறியையும் உடனே அவற்றில் மாற்றுங்கள். சட்டி கழுத்துவரை நிறைந்திருக்கவேண்டும். அரைச் சட்டி சோறு வெகு சீக்கிரம் ஆறும், அதனால் சோறு நிறையும் அளவான சட்டியாக எடுப்பது நல்லது. பழைய பேப்பரால் சுற்றிப் பெட்டிக்குள் இறுக்கி, இடைவெளிக்குத் துவாய் அடையுங்கள். அங்கே போனதும் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம். பரிமாறும்போது மட்டும் திறந்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடு நிற்கும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஐந்தரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவதென்றால் சோறு வடிப்பது ஐந்து மணிக்கு, பருப்பு நாலே முக்காலுக்கு. வேலை முடியட்டும் என்று காலையிலேயே ஆக்கிவைப்பதுதான் அநேகமாக வினையாகிறது. கத்தரிக்காயை மட்டும் முன்கூட்டிப் பொரித்து வைக்கலாம்.

மிச்சச் சோற்றைக் காலைக்கென்று மூடிவைக்க விடாதீர்கள். அன்றிரவே பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வார்ட் அக்கா

மாமியின் விசயம் சாப்பாட்டு அளவை விட அவசரம். அவவின் கிளினிக் கொப்பியை இப்பவே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. மெட்போமின் மட்டும் எண்டா சீனி கடுமையாக இறங்குவது குறைவு. கிளிகிளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் இவற்றில் ஒன்று எழுதியிருந்தால், அல்லது இன்சுலின் போடுகிறா எண்டா, சாப்பிடாமல் வழக்கமான அளவை எடுப்பது ஆபத்து. தாங்களாக நிப்பாட்டவும் வேண்டாம், கிளினிக்கில் அல்லது பக்கத்து டொக்டரிடம் கேட்டு அளவை மாத்துங்க. திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, கதை தடுமாறினால் அழுத களைப்பு எண்டு விட்டுவிடாதீங்க. மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணியில் கரைத்துக் குடுங்க. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொருக்கா. தெளிந்ததும் கஞ்சியோ பிஸ்கட்டோ குடுக்கவேணும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊத்தக்கூடாது, 1990க்கு அடிச்சு அம்புலன்ஸை எடுங்க.

சாப்பாட்டுக்கு இலைக்கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி அரைச் சுண்டு, வறுத்த பயறு கால் சுண்டு, உள்ளி நாலு பல்லு, தண்ணி ஐந்து சுண்டு. அரிசியும் பயறும் மலர்ந்ததும் இரண்டாம் பால் ஒரு கோப்பை. வல்லாரை, முருங்கையிலை ஒவ்வொரு பிடி அரைத்து வடித்த சாறைக் கடைசியில் விட்டு, இரண்டு நிமிடத்தில் இறக்குங்க. கூடக் கொதித்தால் பச்சை போய்க் கசக்கும். வெறும் அரிசிக் கஞ்சி சீனியை விறுவிறெண்டு ஏத்தும், பயறும் இலையும் அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். உப்பு வழக்கத்தில் பாதி. சர்க்கரைத் துண்டு வைக்க வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம். சிறுநீரக வருத்தமும் இருந்தால் இலைச் சாறு சேர்க்க வேண்டாம்.

பால் விட்ட கஞ்சி எண்டதால், சுடுதண்ணி ஊத்திச் சூடாக்கின பிளாஸ்கில் கொதியோட ஊத்துங்க. இரவுக்குள் முடியவேணும், விடியும் வரை வைக்கக்கூடாது.

குடுக்கிற விதமும் இருக்கு. ‘சாப்பிடுறீங்களா மாமி?’ எண்டு கேட்டால் வேண்டாம் எண்டுதான் வரும். கோப்பையில் போட்டுக் கரண்டி வைத்து நீட்டினாலும் அப்படித்தான். சின்ன டம்ளரில் அரைவாசி, தேத்தண்ணி குடுக்கிற மாதிரி கையில் வைச்சிட்டுப் பக்கத்தில் இருங்க. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அரை டம்ளர் இறங்கினாலே பெரிய காரியம்.

மச்சாளுக்கு மீன் இல்லாமலும் சரக்குக் கறி (பிள்ளை பெத்தவவுக்கு வைக்கிற மருந்துச் சரக்குக் குழம்பு) வைக்கலாம். மல்லி 100 கிராம், மிளகு 25, சீரகம் 25, வேர்க்கொம்பு (சுக்கு) 10, மஞ்சள் ஒரு துண்டு. ஒவ்வொண்டையும் தனித்தனியா வறுங்க, ஒண்டாகப் போட்டால் மல்லி வறுபட முதல் சீரகம் கருகிக் கறி முழுக்கக் கைக்கும். திரிச்ச தூளில் இரண்டு மேசைக்கரண்டி ஒரு நேரக் கறிக்குக் காணும். நல்லெண்ணெயில் உரிச்ச உள்ளி இருபது பல்லை வதக்கி, முருங்கைக்காய், கத்தரிப் பிஞ்சு, வாழைக்காய் போட்டுத் தூளும் உப்பும் தண்ணியும் விட்டு, குழம்பு தடிக்கும் வரை. சோறும் கறியும் தனிப் பெட்டியில், அவவின் பேர் எழுதி. பால் குடுக்கிறவவுக்கு நடுச்சாமத்தில்தான் பசிக்கும், அதுக்குப் பிட்டும் இரண்டு வாழைப்பழமும் தனியா வையுங்க. தண்ணி குடிக்க விடாமல் வைக்கிற பழைய கட்டுப்பாட்டை அந்த வீட்டில் ஆராவது சொன்னால் கேட்க வேண்டாம். சுடாறின தண்ணிப் போத்தல் ஒண்டு அவவின் பக்கத்தில் எப்பவும் இருக்கட்டும்.

களுவாஞ்சி மருமகள்

எல்லாருக்கும் பெரிய உபகாரம். கொப்பியைப் பாக்கச் சொல்லி இப்பதான் கோல் எடுத்தன், கிளிகிளசைட் இருக்காம், காலமை டொக்டரிட்டக் கேக்கிறம் எண்டாங்க. சோறும் மூண்டு கறியும்தான், பிட்டு அடுத்த நாளைக்கு. சட்டி முட்டியளைத் திருப்பி எடுக்கிறது எப்பிடி? எட்டு வரைக்கும் மிச்ச நாளுக்கும் நாங்களே குடுக்கிறதா?

படுவான்கரை அக்கா

நீங்களே எல்லாத்தையும் இழுத்துப் போடாதீங்க கா. முதல் ரெண்டு நாளும் மூண்டு வீட்டால சாப்பாடு வந்து குவியும், அஞ்சாம் நாள் ஒண்டும் வராது. சொந்தத்துக்குள்ள ஒராள் கொப்பியில எழுதிப் பிரிக்கட்டும், ஆர் எந்த நேரம் எண்டு. நீங்க அஞ்சையும் ஆறையும் எடுங்க.

சட்டியைத் திருப்பிக் கேக்கிற மாதிரிக் கொண்டுபோகாதீங்க. கறிக்குக் கைபிடி வைச்ச பழைய எவர்சில்வர் வாளி காணும். பேரைப் பிளாஸ்டரில எழுதி அடியில ஒட்டுங்க, மூடியில வேணாம், மூடி மாறிப் போகும். அகப்பை நாலு, வாழையிலை 30, கை கழுவ ஒரு வாளி, குப்பைக்கு உரப்பை ஒண்டு. இதெல்லாம் அங்க தேடி எடுக்க ஆக்கள் இருக்காது.

கடைசிப் பாதை எத்தனை மணிக்கு எண்டு இண்டைக்கே குருமண்வெளியில கேட்டு வைங்க. பரிமாறி முடிச்சு நீங்க இக்கரைக்கு வரவும் வேணுமே.