வென்டிலேட்டரில் ரேட்டைக் கூட்டியும் காபனீரொட்சைட்டு ஏறியது ஏன்?

வாவிக்கரை:
மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஐசியுவில் தாதியாக இருக்கிறேன், சேர்ந்து ஐந்து மாதம். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு நைட் டியூட்டியில் நடந்தது இன்னும் மண்டைக்குள்ளேயே நிற்கிறது. அறுபது தாண்டிய ஐயா ஒருவர், காலமெல்லாம் சுருட்டுப் பிடித்தவர், சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் ஒடுங்கிப்போகும் நாட்பட்ட நுரையீரல் நோய்). பிரஷர் கன்ட்ரோலில் (மெஷின் ஒவ்வொரு மூச்சையும் ஒரே அழுத்தத்தில் தள்ளும் முறை) ரேட் நிமிடத்துக்கு 14, மூச்சுக்கு 450 மில்லிலீற்றர் போய்க்கொண்டிருந்தது. இரவு பிளட் காஸ் (இரத்த வாயுப் பரிசோதனை) எடுத்தால் இரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பிஎச் 7.28, காபனீரொட்சைட்டு 62. அது கூடினால் ரேட்டைக் கூட்டு என்றுதானே படித்தோம், டியூட்டி டொக்டரும் அப்படியே சொல்ல, 26 ஆக்கினோம். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் காபனீரொட்சைட்டு 71, இரத்த அழுத்தம் 120 இலிருந்து 88. மூச்சின் அளவு 290 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் மினிட் வொலியூம் (ஒரு நிமிடத்தில் போகும் மொத்தக் காற்று) 6.3 லீற்றரிலிருந்து 7.5 ஆகக் கூடித்தான் இருந்தது! விடியற்காலை வந்த பெரிய டொக்டர் ரேட்டை 12 க்கு இறக்கினார், பத்து நிமிடத்தில் அழுத்தம் ஏறிவிட்டது. அவசரத்தில் அவரிடம் கேட்க முடியவில்லை. காற்று கூடப் போயும் கழிவு ஏன் வெளியே வரவில்லை?

கல்முனை மயக்கமருந்து:
தங்கச்சி, நல்ல கேள்வி, இலக்கத்தோடு எழுதினதால் விளக்குவதும் சுகம். மினிட் வொலியூமை நம்பித்தான் ஏமாந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் மூச்சுக்குழாய்களிலேயே நின்று திரும்பும், வாயுப் பரிமாற்றம் நடக்கும் நுரையீரல் சிற்றறைக்குப் போகாது, அதுதான் டெட் ஸ்பேஸ். மூச்சு சின்னதானாலும் அந்த 150 குறையாது. 450 இல் அதைக் கழித்தால் 300, பெருக்கல் 14, அதாவது 4.2 லீற்றர். 290 இல் கழித்தால் 140, பெருக்கல் 26, 3.6 லீற்றர்தான். வாயுப் பரிமாற்றத்துக்கு உதவின காற்று குறைந்தே போயிருக்கிறது. காபனீரொட்சைட்டு இதற்கு நேர்மாறாக ஓடும்: 62 ஐ 4.2 ஆல் பெருக்கி 3.6 ஆல் வகுத்துப் பாருங்கள், 72 வரும். உங்கள் 71 க்கு எவ்வளவு கிட்ட!

சரி, மூச்சு ஏன் சின்னதானது? ரேட் 14 என்றால் ஒரு சுற்று 4.3 செக்கன், உள்மூச்சு 1 செக்கன் என்று வைத்தால் வெளியே விட 3.3 மிஞ்சும். 26 இல் சுற்றே 2.3 செக்கன், வெளிமூச்சுக்கு 1.3 தான். சிஓபிடி நெஞ்சில் காற்று ஒடுங்கின குழாய்களால் இழுபட்டு இழுபட்டுத்தான் வெளியேறும். மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை மண் மூடிக் கிடந்தால் வாவி எப்படி நிரம்பி ஊருக்குள் ஏறுகிறது, அதே கதைதான். பழைய காற்று போய் முடியமுதல் அடுத்த மூச்சு வந்துவிடும், உள்ளே அழுத்தம் தேங்கும், இதைத்தான் ஆட்டோ பீப் என்கிறோம். பிரஷர் கன்ட்ரோலில் மெஷின் தள்ளும் உச்ச அழுத்தம் மாறாது, உள்ளே ஏற்கெனவே தேங்கியிருந்தால் தள்ள மிஞ்சுவது கொஞ்சம்தான், மூச்சும் சின்னதாகும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும், அதுதான் அந்த 88. இப்படி விழும்போது தொண்டைக்குள் போட்ட ரியூபை அப்படியே விட்டு, அதிலிருந்து வென்டிலேட்டர் குழாயைச் சில செக்கன் கழற்றினால் காற்று இறங்கி இரத்த அழுத்தம் மீளும். மீளாவிட்டால் நியூமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்று கசிந்து சேர்வது) இருக்கிறதா என்று உடனே தேடுங்கள்.

அக்கரைப்பற்று பயோமெடிக்கல்:
டொக்டர் சொன்னதைத் திரையிலேயே காணலாம், மிஸ். காற்று ஓடும் வேகத்தைக் காட்டும் ஃப்ளோ கோட்டைப் பாருங்கள். வெளிமூச்சில் கோடு கீழே இறங்கிப் பிறகு பூச்சியத்துக்கு மெல்ல ஏறி வரும். பூச்சியத்தைத் தொடமுதல் அடுத்த மூச்சு வெட்டிக்கொண்டு கிளம்பினால் காற்று சிக்குது என்று அர்த்தம். எவ்வளவு என்று தெரிய வெளிமூச்சின் முடிவில் மெஷினைச் சற்று நிறுத்திவைக்கும் எக்ஸ்பிரேற்றரி ஹோல்ட் பட்டனை அழுத்தலாம், ஆனால் நோயாளி தானாக மூச்சு இழுத்தால் அந்த இலக்கம் சரிவராது. இன்னொன்று, ரியூபுக்கும் வை துண்டுக்கும் (உள்மூச்சு, வெளிமூச்சுக் குழாய்கள் சேரும் இடம்) நடுவில் மாட்டும் ஃபில்டரும் நீட்டுக் குழாயும் சேர்ந்து டெட் ஸ்பேஸைக் கூட்டும். 290 மில்லிலீற்றர் மூச்சில் அது சின்ன விஷயமில்லை.

வாவிக்கரை:
இரண்டு பேருக்கும் மனம் நிறைந்த நன்றி. கணக்கைக் கொப்பியில் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. ஆனால் ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரென்று அழன்று நீர் கோத்து விறைக்கும் நிலை) ஆட்களுக்கு ரேட்டை 30, 35 என்று வைக்கிறோமே, அவர்களுக்கு ஏன் தேங்குவதில்லை? அப்புறம், அன்றைக்கு அந்த ஐயாவின் இரத்த ஒட்சிசன் செறிவு 91 வீதத்திலேயே நின்றது, ரேட்டைக் கூட்டியும் அசையவில்லை.

கல்முனை மயக்கமருந்து:
ஏஆர்டிஎஸ் நுரையீரல் விறைத்தது, இழுத்து விட்ட ரப்பர் மாதிரிச் சட்டென்று சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும், அதனால் 1 செக்கனும் அதற்குப் போதும். 2000 ஆம் ஆண்டு வந்த பெரிய ஏஆர்டிஎஸ் ஆய்விலும் உயரத்தை வைத்துக் கணித்த எடையில் கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் என்று மூச்சைக் குறைத்து, அதை ஈடுகட்ட ரேட்டை 35 வரை போக விட்டார்கள். அவர்களிலும் ஃப்ளோ கோட்டைப் பார்க்காமல் கூட்டாதீர்கள். ஒட்சிசனுக்கு ரேட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது, அதற்குக் கொடுக்கும் ஒட்சிசன் வீதமும் பீப்பும் (வெளிமூச்சின் முடிவில் மெஷின் நாமே வைத்தபடி விட்டுவைக்கும் அழுத்தம்) தான். அந்த ஐயாவுக்கு 91 போதும், 88 க்கும் 92 க்கும் இடையில் வைத்தால் சரி. காபனீரொட்சைட்டையும் 40 க்குக் கொண்டுவர மினக்கெட வேண்டாம், சுகமாக இருக்கும்போதே அவருக்கு அது கூடத்தான் இருந்திருக்கும். பிஎச்சைப் பாருங்கள்.

வாவிக்கரை:
விளங்குது. ரேட் 12 ஆக்கி இரண்டு மணித்தியாலத்தில் பிஎச் 7.31 க்கு வந்தது, காபனீரொட்சைட்டு 58. இன்றைக்கும் நைட், போனதும் முதலில் எல்லாக் கட்டிலிலும் ஃப்ளோ கோட்டைத்தான் பார்க்கப் போகிறேன்.