மறு: செலக்டிவ் மீடியம், டிஃபரென்ஷியல் மீடியம் – தமிழ்ல என்ன சொல்லலாம்

> ரெண்டுக்கும் "தெரிவு ஊடகம்"னே வச்சுக்கலாமே?

வேணாங்க ஐயா, ரெண்டும் வேற வேற வேலை. லேப்ல பாக்டீரியா வளக்குற ஊடகத்துல செலக்டிவ்ங்கிறது வேண்டாத பாக்டீரியாவ வளரவிடாம அமுக்குறது, டிஃபரென்ஷியல்ங்கிறது வளந்ததுக்குள்ள இருக்குற வித்தியாசத்த கண்ணுக்குக் காட்டுறது. விப்ரியோவ (காலரா கிருமி சேந்த பாக்டீரியா வகை) வளக்குற டிசிபிஎஸ் அகார்ல ரெண்டுமே ஒரே தட்டுல நடக்குறதாலதான் இந்தக் குழப்பம். அதுல பித்த உப்பு இருக்கு, பிஹெச் 8.6 கிட்ட இருக்கு, குடல்ல இருக்குற மத்த பாக்டீரியா முக்காவாசி அதுலயே அடங்கிரும், விப்ரியோ காரத்தத் தாங்கி வளரும். அப்புறம் சுக்ரோஸ நொதிக்க வைக்கிறதுன்னா அமிலம் உண்டாகி காலனி (தட்டுல கிருமி கூட்டமா வளந்த புள்ளி) மஞ்சளாகும், காலரா கிருமி அப்படி. கடல் மீன், இறால் சரியா வேகாம சாப்பிட்டு வர்ற வயித்துப்போக்குக்குக் காரணமான இன்னொரு விப்ரியோவான பாராஹீமோலிட்டிகஸ் சுக்ரோஸத் தொடாது, பச்சையாவே இருக்கும்.

அதனால "தெரிவு ஊடகம்" செலக்டிவுக்கு மட்டும் இருக்கட்டும். இன்னொண்ணுக்கு "இனங்காட்டி ஊடகம்"னு ஒருத்தர் சொல்லியிருந்தாரு, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தட்டு சொல்லாததையும் அந்தப் பேரு சொல்லிருது. மஞ்சள்னா காலராதான்னு கிடையாது, ஆல்ஜினோலிட்டிகஸ்ங்கிற விப்ரியோவும் மஞ்சள்தான், விப்ரியோவே இல்லாத ஏரோமோனாஸ் பாக்டீரியாலயும் சிலது மஞ்சளா வரும். படிக்கிற பிள்ளைங்க பேர நம்பி தட்டப் பாத்ததும் இனத்த எழுதிட்டா ரிசல்ட் தப்பாயிரும், இது நோயாளி விஷயம். என்னோட பரிந்துரை "வேறுகாட்டி ஊடகம்".

இனத்த முடிவு பண்ண அதுக்கப்புறம்தான் வேலையே இருக்கு. உப்பே சேக்காத திரவ ஊடகத்துல போட்டா காலரா கிருமி வளரும், பாராஹீமோலிட்டிகஸும் ஆல்ஜினோலிட்டிகஸும் வளராது. ஏரோமோனாஸும் உப்பில்லாம வளரும், ஆனா 6% உப்புல பெரும்பாலும் நின்னுரும். ஆக்சிடேஸ் நொதி இருக்கான்னு பாக்குறதா இருந்தா டிசிபிஎஸ் தட்டுல இருந்து நேரா எடுக்காதீங்க, சாதா அகார்ல மாத்தி வளத்துட்டு பாருங்க. கடைசியா காலரா கிருமியோட ஓ1, ஓ139 வகையான்னு பாக்க அதுக்கான ஆன்டிசீரம்.

---

வேறுகாட்டிக்கு என் ஓட்டு. வேற எதையோ காட்டுதுன்னு புரிஞ்சுக்குவாங்களோன்னு ஒரு சின்ன யோசனை இருக்கு, ஆனா நிறங்காட்டி ஏற்கனவே பழகுன சொல்லுங்கறதால ஒட்டிக்கும். ஸ்ட்ரிங் டெஸ்டுக்கு "இழைச் சோதனை" சரியா வருமா? 0.5% டிஆக்ஸிகோலேட்ங்கிற பித்த உப்புக் கரைசல்ல காலனியக் குழைச்சு லூப்ப (கம்பி வளையம்) தூக்குனா விப்ரியோ இழையா நீளுது, ஏரோமோனாஸ் பொதுவா நீளாது, இங்க பேரும் கண்ணுல படுறதும் ஒண்ணாவே இருக்கு.