அடுத்தடுத்த இரண்டு ஐசொலேஷன் வால்வுகளில் கசிவது எது?

கேள்வி:
அணு உலையைச் சூழ்ந்து கதிரியக்கம் வெளியேறாமல் காக்கும் கண்டெயின்மென்ட் கட்டடத்தின் சுவரை ஊடுருவிச் செல்லும் ஒரு குழாயில் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு ஐசொலேஷன் வால்வுகள் (குழாயை அடைத்துத் துண்டிப்பவை) உள்ளன. இரண்டும் மோட்டாரால் இயங்கும் குளோப் வால்வுகள் (டிஸ்க் எனும் தட்டு, சீட் எனும் விளிம்பில் அமர்ந்து மூடுபவை). உலை நிறுத்தத்தின்போது இரண்டையும் மூடி, இடைப்பட்ட பகுதிக்குக் காற்றழுத்தம் கொடுத்ததில், அழுத்தம் குறையாமல் காக்கச் செலுத்த வேண்டியிருந்த காற்று வரம்பை மீறிவிட்டது. கசியும் வால்வை எப்படிப் பிரித்தறிவது? ஒருமுறை திறந்து மூடிவிட்டு மறுபடி சோதிக்கலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். அது முறையா?

பதில் 1:
தயவுசெய்து திறந்து மூடாதீர்கள். சீட்டில் சிக்கியிருந்த துகள் அந்த அசைவிலேயே விலகி, அடுத்த சோதனையில் வால்வு நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும்; இதுவரை விபத்து நேர்ந்திருந்தால் எவ்வளவு கசிந்திருக்கும் என்பதை அதன்பின் யாராலும் சொல்ல முடியாது. கைவைப்பதற்கு முந்தைய அளவைப் பதிவு செய்த பிறகே பழுதுபார்ப்பு.

அடுத்து, வால்வைச் சந்தேகிக்கும் முன் சோதனை அமைப்பைச் சந்தேகியுங்கள். ஹோஸ் இணைப்பு, வடிகால் வால்வு, ஸ்டெம் பேக்கிங் (வால்வுத் தண்டைச் சுற்றிய அடைப்பு), பானெட் கேஸ்கட் (வால்வு மேல்மூடியின் அடைப்பு) என்று காற்று வெளியேறச் சீட் அல்லாத வழிகள் பல. சோப்புக் கரைசலைத் தடவி, ஒவ்வொன்றையும் நிதானமாகப் பாருங்கள். அவை தெளிவான பிறகு, ஒரு வால்வுக்கு அப்பாலுள்ள பகுதியின் மற்ற வழிகளை மூடி, அதன் வென்ட்டில் (காற்றுப் போக்கியில்) சிறிய ஃப்ளோமீட்டரை இணைத்து அளந்தால் அந்த வால்வின் சீட் கசிவு தனியாகத் தெரியும். மற்றதற்கும் அவ்வாறே.

பதில் 2:
மேலுள்ளதோடு திசையையும் கவனியுங்கள். நடுவிலிருந்து அழுத்தும்போது, உட்புற வால்வின் மீது விபத்துக் காலத்தில் வரும் அழுத்தத்துக்கு எதிர்த்திசையில் காற்று தள்ளுகிறது. குளோப் வால்வில் அழுத்தம் டிஸ்க்கின் அடியிலிருந்து வந்தால் அதைத் தூக்க முயலும். கசிவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். மேலிருந்து வந்தால் டிஸ்க்கைச் சீட்டோடு சேர்த்து அமுக்கி, கசிவை மறைத்துவிடலாம். அமெரிக்காவின் அணு உலை விதித்தொகுப்பான 10 சிஎஃப்ஆர் 50, பிற்சேர்க்கை ஜே, எதிர்த்திசைச் சோதனை சமமான அல்லது கூடுதல் கடுமையான முடிவைத் தரும் என்று காட்டினால் மட்டுமே அதை ஏற்கிறது. அழுத்தம் இறங்கும் வேகத்தை வைத்துக் கணக்கிடுவதாக இருந்தால் வெப்பநிலை நிலைபெறும்வரை காத்திருங்கள். அறை வெப்பநிலையில் 1 டிகிரி செல்சியஸ் மாற்றமே தனியழுத்தத்தை (வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளக்கும் அழுத்தத்தை) ஏறத்தாழ 0.3 சதவீதம் நகர்த்தும்.

பதில் 3:
உலை இயங்கும்போது நீராவிக் குழாய்களில் கசிவு தேடுபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். வால்வுக்கு அப்பால் குழாய் சூடாக இருப்பது கசிவு உண்டு என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அங்குள்ள வெப்பநிலை பெரும்பாலும் அங்குள்ள அழுத்தத்துக்குரிய கொதிநிலையை ஒட்டியே நிற்கும். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் பிரஷரைசரின் (உலைக் குளிர்நீரின் அழுத்தத்தைக் காக்கும் கலனின்) நிவாரண வால்வுப் பாதையில் முன்பே கசிவு இருந்ததால், அந்தக் குழாய் சூடாக இருப்பது பழகிப்போன செய்தியாகிவிட்டது. 1979 மார்ச் 28 அன்று அவ்வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டபோது, கூடிய வெப்பநிலையையும் அந்தப் பழைய கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதே பாதையிலிருந்த தடுப்பு வால்வு மூடப்பட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அளவை ஊகிக்க ஒலியுணரி உதவும். வால்வுக்கு முன், வால்வின் உடல், வால்வுக்குப் பின் என மூன்று இடத்திலும் அளந்து, உடலில் மட்டும் ஒலி ஓங்கியிருந்தால்தான் அது அந்த வால்வின் கசிவு. இல்லையேல் வேறெங்கோ எழும் இரைச்சல் குழாய் வழியே வந்திருக்கலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு வென்ட்களிலும் ஓட்டம் வரம்புக்குள்ளேயே இருக்கிறது. இடைப்பட்ட வடிகால் வால்வின் பேக்கிங்கில்தான் சோப்பு நுரை விடாமல் பொங்குகிறது. அதை இறுக்கிவிட்டு மறுசோதனை செய்யப்போகிறேன்.

பதில் 1:
இறுக்கும் முன் அந்தக் கசிவையும் தனியாக அளந்து எழுதிவிடுங்கள். சுவருக்கு வெளியே, இரண்டு ஐசொலேஷன் வால்வுகளுக்கும் நடுவில் அந்த வடிகால் வால்வு இருக்குமானால், உட்புற வால்வு மூடத் தவறும் நாளில் கண்டெயின்மென்ட் எல்லை அதுவும்தான்.