மறுமொழி: கனெக்டிங் ராடு பேலன்சிங், மேட்சிங் - ரெண்டுக்கும் ஒரே சொல்லா?

> இணைப்புத்தண்டு சமநிலைப்படுத்தல் என்று போட்டால் இரண்டும் அதில் அடங்கிவிடும். தனிச்சொல் தேவையில்லை.

ஐயா வணக்கம். கனெக்டிங் ராடுக்கு, அதாவது பிஸ்டனையும் கிராங்க்கையும் (இன்ஜின்ல சுத்துற தண்டு) இணைக்கிற ராடுக்கு, இணைப்புத்தண்டுன்னு வச்சதுல எனக்கு எந்தத் தகராறும் இல்ல, பாலிடெக்னிக் பசங்க வரைக்கும் பழகின சொல், அப்படியே இருக்கட்டும். ஆனா சமநிலைப்படுத்தல்ங்கற ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு வேலையையும் திணிச்சா, பழைய இன்ஜின் பிரிச்சுக் கட்டுற ஒருத்தர் நம்ம கலைச்சொல் பட்டியலைப் பாத்துட்டு ஒரு வேலைய செஞ்சுட்டு இன்னொன்னும் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குவார். அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

பழைய அம்பாசடரையே எடுத்துக்குவோம், 1489 சிசி, நாலு சிலிண்டரும் வரிசையா நிக்கிற பி-சீரிஸ் இன்ஜின். 1ம் 4ம் பிஸ்டன் மேல போறப்ப 2ம் 3ம் கீழ வருது. அதனால நாலு ராடும், நாலு பிஸ்டனும் தங்களுக்குள்ள ஒரே எடையா இருந்தா முதல் நிலை இழுப்பு (கிராங்க் ஒரு சுத்துக்கு ஒரு தடவை வர்றது) ஒன்னுக்கொன்னு கழிஞ்சு போயிடும், ஒரு ராடு எத்தனை கிராம்ங்கறது அங்க கேள்வியே இல்ல. கிராங்க்கை மட்டும் தனியா மிஷின்ல ஏத்தி பேலன்ஸ் பாத்துக்கலாம். (கிராங்க் வேகத்துக்கு ரெட்டிப்பா வர்ற அதிர்வு இந்த மாதிரி இன்ஜின்ல எப்படியும் இருக்கும், அது எடையைச் சரி பண்ணித் தீர்ற விஷயம் இல்ல.) நாலையும் ஒரே எடையாக்கற இந்த வேலைதான் மேட்சிங்.

இப்ப புல்லட் பைக்குக்கு வாங்க. ஒரே சிலிண்டர், ஒரே ராடு, எதோட மேட்ச் பண்றது? ஆனா கிராங்க் பேலன்சிங் அங்க கட்டாயம் உண்டு, மேலயும் கீழயும் ஓடுற எடைல எவ்ளோ பங்குக்கு எதிரெடை வைக்கணும்னு கணக்குப் போட்டுத்தான் ஃப்ளைவீல்ல துளை போடுவாங்க. 90 டிகிரி வி-8ல (V வடிவத்துல பக்கத்துக்கு நாலா எட்டு சிலிண்டர்) ரெண்டும் சேந்தே வரும், முதல்ல எட்டு ராடையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்து, அப்புறம் சுத்துற எடை முழுசும், ஏறி இறங்குற எடைல பாதியும் கூட்டி அந்த அளவுக்கு கிராங்க் பின்ல எடை மாட்டித்தான் சுத்திப் பாப்பாங்க. ஒரு வேலை இல்லாத இடத்துல இன்னொன்னு இருக்குன்னா அது எப்படி ஒரே சொல்லாகும்?

பேலன்சிங்குக்கு சமநிலைப்படுத்தலையே வச்சுக்கலாம். மேட்சிங்குக்கு நான் சொல்றது ஓரெடையாக்கல். பட்டறைல கேட்டுப்பாருங்க, "நாலையும் ஒரே வெயிட்டாக்கு"ன்னுதான் சொல்லுவாங்க, அதோட எழுத்து வடிவம்தான் இது. குழுவுல ஒரு தம்பி 'தடைகட்டல்' சொல்லியிருந்தார், பாத்திரத்தோட எடைக்குச் சரியா தராசுல எதிர்ப்பக்கம் படி வைக்கறதுக்கு அது அருமையான பழைய சொல், எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனா இன்னிக்கு தடைன்னா தடுக்கறதுன்னுதான் வாசிப்பாங்க. அதுவும் போக இங்க எதிர்ல எதையும் வைக்கல, லேசான ராடு எதுவோ அதுக்குச் சரியா மத்ததைத் தேய்ச்சுக் குறைக்கிறோம்.

அடுத்து ராடோட ரெண்டு முனை: கிராங்க்ல மாட்டுற பிக் எண்ட், பிஸ்டன்ல மாட்டுற ஸ்மால் எண்ட். பெருமுனை சிறுமுனை வேணாம்னு கேட்டுக்கறேன், முனைன்னா கூர்மையா ஏதோ இருக்கற மாதிரி தோணுது, இங்க இருக்கறது ரெண்டு வட்டத்துளை. சல்லடைக்கண், வலைக்கண்னு நம்மகிட்ட ஏற்கனவே இருக்கே, பெருங்கண், சிறுகண்னு வைப்போம். இந்த ரெண்டு சொல்லும் இல்லாம ஓரெடையாக்கலை விளக்கவே முடியாது, ஏன்னா மொத்த எடை சமமா இருந்தா மட்டும் போதாது. ரெண்டு ராடு தராசுல ஒரே எடை காட்டும், ஆனா ஒன்னுக்கு கீழ்ப்பக்கம் கனமா இருக்கும், இன்னொன்னுக்கு மேல்பக்கம். பெருங்கண் கிராங்க்கோட சுத்துது, சிறுகண் பிஸ்டனோட ஏறி இறங்குது, ரெண்டும் தர்ற இழுப்பு வேற வேற. அம்பாசடர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 88.9 மிமீ, பெருங்கண்ல 10 கிராம் கூட இருந்தா 4000 ஆர்பிஎம்ல சுமார் 8 கிலோ இழுப்பு, 2000ல சுமார் 2 கிலோ. வேகம் ரெட்டிச்சா இழுப்பு நாலு மடங்கு.

எடை எடுக்கறது இப்படி: சிறுகண்ணை ஒரு ஸ்டாண்டுல பேரிங்ல மாட்டி, பெருங்கண்ணை தராசு மேல இருக்கற தாங்கில வச்சு, ரெண்டு கண்ணோட மையமும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பாத்துட்டு, லேசா ஒரு தட்டு தட்டி ராடு அமர்ந்தப்புறம்தான் ரீடிங் எடுக்கணும், இல்லன்னா உராய்வுல நம்பர் ஏறி இறங்கும். போல்ட்டு நட்டு எல்லாம் மாட்டின நிலையில எடுக்கணும். நாலு பெருங்கண்ணையும் முதல்ல ஒரு கிராமுக்குள்ள கொண்டுவந்துட்டு, அப்புறம் மொத்த எடை சமமாகற வரைக்கும் சிறுகண் தலைல மட்டும் எடுத்தா சிறுகண் எடையும் தானா சமமாயிடும், ஏன்னா ரெண்டு கண் எடையும் கூட்டினா மொத்த எடை. தேய்க்கறது அதுக்குன்னு ராடுல கூடுதலா விட்டிருக்கற உலோகத் திண்டுல மட்டும், கோடு ராடு நீளவாக்குல ஓடணும். குறுக்க கோடு விழுந்தா விரிசல் அங்கதான் பிறக்கும். நடுத்தண்டுல இதுக்காக கை வைக்கவே கூடாது. (அந்தத் திண்டுக்கு 'எடைத்திண்டு' சரிவருமா?)

கடைசியா கேப், அதாவது பெருங்கண்ணோட கீழ்ப்பாதியா போல்ட்டு போட்டு மாட்டுற துண்டு. பட்டியல்ல வெறும் 'மூடி'ன்னு இருக்கு, அது எனக்கு உறுத்துது. பாட்டில் மூடிய மாத்திப் போடலாம், இத மாத்த முடியாது. ராடும் கேப்பும் சேத்து மாட்டின நிலையிலதான் பெருங்கண்ணைக் குடையறாங்க, அதனாலதான் ரெண்டுலயும் ஒரே நம்பர் குத்தியிருக்கும். 2ம் நம்பர் கேப்பை 3ல போட்டா துளை வட்டமாவே இருக்காது, பேரிங் பிடிச்சுக்கும். மெக்கானிக்குங்க "ஜோடி மாத்திடாத"ன்னு சொல்றது இதைத்தான். இணைமூடின்னு போட்டா அந்த எச்சரிக்கை சொல்லுக்குள்ளயே இருக்கும். யாருக்கும் ஆட்சேபம் இல்லன்னா அந்த வரிய திருத்திடலாமா ஐயா?