பொருள்: 'சேஜ்பிரஷ்' நிலத்துக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பவர்:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். அமெரிக்காவின் மேற்கில் இருக்கும் கிரேட் பேசின் என்ற வறண்ட நிலப்பகுதி பற்றிய சிறுவர் நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நெவாடா, யூட்டா பள்ளத்தாக்குகளில் சேஜ்பிரஷ் என்ற புதர்ச்செடி மண்டிய நிலத்துக்கு வரைபடத்தில் ஒரு பெயர் போட வேண்டும். கட்டத்தில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம். இயந்திரத்திடம் கேட்டேன், 'முனிவர் தூரிகை' என்றது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டுரை வேண்டாம், சொல் போதும். (குழுவைத் தெரிந்துதான் சொல்கிறேன்.)

தாவரவியல் ஆசிரியை:

சமையலில் போடும் சேஜ் துளசிக் குடும்பம். இது சூரியகாந்திக் குடும்பம், ஆர்ட்டெமிசியா டிரைடென்டேட்டா. இலை நுனியில் மூன்று பல் இருப்பதால் அந்தப் பெயர். வாசனை ஒத்துப்போனதால் வந்த குழப்பம், அவ்வளவுதான். ஆர்ட்டெமிசியாவில் நம் ஊருக்குப் பழக்கமானவை மாசிபத்திரியும் மருக்கொழுந்தும். என் வாக்கு 'மாசிபத்திரிப் புதர்க்காடு'.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'பத்திரி'யில் வடமொழிப் பத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருக்கொழுந்தே தமிழ். 'மரு' என்றால் மணம். 'மரு' என்பதற்குப் பாலைநிலம் என்றும் பொருள் உண்டு! பாலையில் மணக்கும் கொழுந்து. ஒரே சொல்லில் செடியும் நிலமும் அடங்கிவிட்டன. வேறென்ன வேண்டும்?

இளைய உறுப்பினர் ஒருவர்:

ஐயா, பாலையைக் குறிக்கும் 'மரு' மருபூமியின் மரு. அதுவும் வடமொழிதான். பத்திரியை வாசலில் நிறுத்திவிட்டு மருவைக் கொல்லைப்புறமாக அழைத்து வருகிறீர்களே.

தமிழாசிரியர்:

அதை வடமொழிதான் நம்மிடமிருந்து வாங்கியது. தனி இழையில் பதினோரு சான்று தருகிறேன்.

மொழிபெயர்ப்பவர்:

ஐயா, வெள்ளிக்குப் பிறகு தாருங்கள்.

இளைய உறுப்பினர்:

மருக்கொழுந்து என்றதும் படிக்கிற பிள்ளைக்குப் பூக்கடைதான் நினைவுக்கு வரும். சாதாரணமாக 'பாலைப் புதர்' என்று போட்டால் என்ன? வறண்ட இடம்தானே.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒருவர்:

பல மாதம் படித்துவிட்டு இன்றுதான் எழுதுகிறேன். இங்கே ஊரைத் தாண்டி மேற்கே காரை ஓட்டினால் இந்தச் செடிதான். சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறம், இடுப்பளவு உயரம், மண் ஆழமான இடங்களில் ஆளை மறைக்கும். மேற்கிலிருந்து வரும் ஈரத்தை சியர்ரா நெவாடா மலைத்தொடர் மறித்துக்கொள்வதால் மழை குறைவு. குளிர்காலப் பனி உருகி மண்ணில் இறங்குவதுதான் முக்கிய வரவு. பள்ளத்தாக்கின் அடியில், உவர் மண்ணில், இது வராது. அங்கே நம் உமரியைப் போல உப்பைத் தாங்கும் செடிகள். மேலே சரிவில் ஜூனிபரும் பைன் மரமும். நடுவில் இருப்பதுதான் இதன் வீடு.

இரவில் இதன் ஆழமான வேர் கீழ்மண்ணின் நீரை உறிஞ்சி மேல்மண்ணில் கசிய விடுகிறது. யூட்டாவில் ஆய்வு செய்து 1987இல் எழுதியிருக்கிறார்கள். பனிக்காலத்தில் சேஜ் கிரவுஸ் என்ற காட்டுக்கோழி கிட்டத்தட்ட இந்த இலையை மட்டுமே தின்று உயிர் வாழும். இத்தனை குடித்தனம் நடக்கிற இடத்தைப் பாலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை விட்டதும் வீசும் மணத்துக்கு மருக்கொழுந்து பொருந்தும் என்பேன், பூக்கடையானாலும் சரி.

தாவரவியல் ஆசிரியை:

பாலையை விட்டுவிட வேண்டாம், வேறு இடத்துக்கு வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அங்கே அது இப்போது நடக்கிறது. ஐரோப்பா, ஆசியாப் பக்கமிருந்து போன சீட்கிராஸ் என்ற புல், இந்தச் செடிகளுக்கு நடுவே பரவி, கோடை தொடங்கும்போதே காய்ந்து, தீயை இழுத்து வருகிறது. இந்தச் செடி எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது, விதையில்தான் வர வேண்டும். அது வளர்வதற்குள் அடுத்த தீ. கடைசியில் புல் மட்டும் மிஞ்சும். அந்த நிலத்தைப் பாலை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இளைய உறுப்பினர்:

சரி, பாலையைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதில் 'நீற்றுப்புதர்'? நிறம் வந்துவிடுகிறதே.

தாவரவியல் ஆசிரியை:

திருநீற்றுப்பச்சையோடு குழம்பும். அதுவும் துளசிக் குடும்பம். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம்.

தமிழாசிரியர்:

புதர் எதற்கு? 'தூறு' இருக்கிறது. மூங்கில் தூறு என்று இன்றும் சொல்கிறோம். தூர், தூறு, தூறல் எல்லாம் ஒரே வேர்...

மொழிபெயர்ப்பவர்:

ஐயா, தூறு என்றால் பழிச்சொல் என்றும் பொருள் வருகிறது. பதிப்பகத்தில் கேட்பார்கள்.

இன்று வியாழன் இரவு. மாசிபத்திரிக்கு நான்கு பேர், மருக்கொழுந்துக்கு மூன்று, தூறுக்கு ஒருவர். மாசிபத்திரி நீளமாக இருப்பதால் வரைபடத்தில் 'மாசிப் புதர்வெளி' என்று சுருக்கிவிட்டேன். முதல் முறை வரும் பக்கத்தில் 'சேஜ்பிரஷ்' என்றும் மருக்கொழுந்தின் உறவு என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மாசி மாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இன்னொரு வரி. எல்லோருக்கும் நன்றி.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து:

தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். புதர் பற்றி இவ்வளவு பேசினோம், 'வெளி'யைப் பற்றி யாரும் பேசவில்லையே? வெளி என்றால் ஒன்றுமில்லாத இடம் என்று படாதா?

தமிழாசிரியர்:

அதைத்தான் சொல்ல வந்தேன். 'வெளி' என்னும் சொல்லின் வேரைப் பார்த்தால்...